ஒரே முகம்... ஓராயிரம் ஃபைல்!

ஒரே படம். வரிசை கட்டி 60 தடவை. கலர்கூடக் கிடையாது, வெறும் கறுப்பு வெள்ளை. அகலம் ஏறத்தாழ 10 மீட்டர். ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைக் கட் பண்ணாமல் ஷீட்டாகக் கொடுத்தால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். விலை மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. 2017 நவம்பரில் நியூயார்க்கில் நடந்த கிறிஸ்டீஸ் ஏலத்தில் 6 கோடி டாலரைத் தாண்டிப் போனது!

பெயர் 'அறுபது கடைசி இராவுணவுகள்'. இயேசு தன் சீடர்களோடு கடைசியாகச் சாப்பிட உட்கார்ந்த காட்சியை, மிலன் நகரத்து மடம் ஒன்றின் சாப்பாட்டு அறைச் சுவரில் லியனார்டோ டா வின்சி வரைந்தாரே, அதேதான். அதை 1986-ல் இப்படி 60 காப்பி அடித்தவர் ஆண்டி வார்ஹோல். சூப் டப்பாவையும் மர்லின் மன்றோவையும் வரிசை வரிசையாக அடுக்கிப் பேர் வாங்கிய அதே அமெரிக்கர்.

"இதுல என்ன ஆர்ட் இருக்கு? நாங்க ரெக்கார்ட் நோட்டுல அடிக்காத காப்பியா?" என்று யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. இருங்க பாஸ், அங்கேதான் மேட்டரே இருக்கு.

வார்ஹோல் பிட்ஸ்பர்க் நகரத்தில், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்த ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதில் அம்மாவோடு போனது பைசாந்திய கத்தோலிக்கக் கோயில். அந்த மாதிரி கோயில்களில் பீடத்துக்கு முன்னால் ஒரு பெரிய தடுப்பு இருக்கும். அதில் மேலிருந்து கீழ்வரை புனிதர்களின் முகங்கள், கட்டம் கட்டமாக. பூசையோ நீளம். பையன் என்ன செய்வான்? அந்த முகங்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வாராவாரம். பின்னாளில் அவர் அடுக்கிய கட்டங்களுக்கு விதை அங்கேதான் விழுந்தது என்று எழுதிய விமர்சகர்கள் உண்டு. வீட்டுச் சமையலறையிலும் கடைசி இராவுணவின் மலிவுப் பிரதி ஒன்று தொங்கியதாம்.

நியூயார்க் போய் பெரிய ஆளாகி, பார்ட்டி, கேமரா என்று சுற்றிய காலத்திலும் மனிதர் ஏறத்தாழ தினமும் கோயிலுக்குப் போய் வந்திருக்கிறார். அவர் இறந்தபின் 1987 ஏப்ரலில் நடந்த நினைவுக் கூட்டத்தில் நண்பர் ஒருவர் இதைச் சொன்னபோது ஊரே வாயைப் பிளந்தது. கடைசி இராவுணவை மட்டும் அவர் 100-க்கும் மேற்பட்ட படைப்புகளாகச் செய்திருக்கிறார். 1987 ஜனவரியில் மிலனில் கண்காட்சி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் லியனார்டோவின் ஒரிஜினல். இந்தப் பக்கம் வார்ஹோலின் காப்பிகள். அதுவும் ஒரிஜினலைப் பார்த்து எடுத்த காப்பி இல்லை, அச்சுப் பிரதியைப் பார்த்து எடுத்த காப்பி. கண்காட்சி திறந்த அடுத்த மாதமே, பிப்ரவரி 22-ம் தேதி வார்ஹோல் போய்விட்டார்.

அது கிண்டலா, பிரார்த்தனையா? இன்றுவரை சண்டை போடுகிறார்கள். எனக்கென்னவோ, கிண்டல் பண்ணுகிறவன் பத்து தடவையில் நிறுத்தியிருப்பான் என்றுதான் தோன்றுகிறது.

நீக்கட்டுமா, வேண்டாமா?

சரி, உங்கள் கேங்குக்கு வாருங்கள். ஒருத்தராவது இருப்பார். போன் கேலரியில் 'ஜீசஸ்' என்று ஒரு ஃபோல்டர், 'மாதா' என்று இன்னொன்று. உள்ளே போனால் ஸ்க்ரோல் பண்ணிப் பண்ணிக் கட்டை விரல் வலிக்கும். மாதம் பிறந்தால் வந்து விழும் வாக்குத்தத்த வசனப் படம். புடவை கட்டிய வேளாங்கண்ணி மாதா, பின்னால் ஒரு தடவை கடல், ஒரு தடவை ரோஜா. முட்கிரீட முகம் ஒன்று. அதே முகம் தங்க ஃப்ரேமோடு. அதே முகம் ஜிகினா மின்ன மின்ன. அதே முகம் பாட்டி அனுப்பியது, அதே முகம் பாட்டிக்கே திருப்பி அனுப்பியது!

ஒரு நாள் போன் கதறும்: 'இடம் இல்லை. ஒரே மாதிரிப் படங்கள் இருக்கின்றன, நீக்கட்டுமா?' அவர் யோசிக்காமல் 'வேண்டாம்' அமுக்குவார். செமஸ்டர் நோட்ஸை டெலிட் பண்ணி இடம் பிடிப்பாரே தவிர, இதைத் தொடமாட்டார்.

போனைப் பொறுத்தவரை ரெண்டாவது காப்பி என்றால் குப்பை. பக்தியின் கணக்கு வேற. 53 தடவை 'அருள் நிறைந்த மரியே' சொல்கிறவர்களிடம் போய், "முதல் தடவையே கேட்டிருக்குமே, மீதி 52 எதுக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பார்வை பார்ப்பார்கள். கிறிஸ்தவர்கள் மட்டுமா? ஸ்ரீராமஜெயம் எழுதும் பக்கத்து வீட்டு மாமியைக் கேளுங்கள். லட்சம் தடவை எழுதியும் ஒரே பெயர்தான். நமக்கும் ஸ்கூலில் நூறு தடவை எழுதிப் பழக்கம் உண்டு. அதற்குப் பெயர் இம்போசிஷன். கை வலி ரெண்டுக்கும் ஒண்ணுதான். ஆனால், ரெண்டும் ஒண்ணில்லை என்று எழுதுகிறவனுக்குத் தெரியும்.

அப்படியானால் போனில் சேர்ந்து கிடக்கும் அந்த ஆயிரம் படம் செபமாலையா, இம்போசிஷனா? இதுதான் கேள்வி. இந்தக் கேள்வி கம்ப்யூட்டரைவிட ரொம்பப் பழசு.

முதல் காப்பி-பேஸ்ட்

எதெஸா என்று ஒரு ஊர். இன்றைய துருக்கியின் உர்ஃபா. அந்த ஊர் ராஜா அப்காருக்கு உடம்பு சரியில்லை. இயேசுவை அழைத்து வரச்சொல்லி ஆள் அனுப்புகிறான். அவர் வரவில்லை, முகத்தைத் துடைத்த துணியை அனுப்புகிறார். அதில் அவர் முகம் அப்படியே பதிந்திருந்தது. இது வரலாறு இல்லை, பழைய கிழக்கத்திய மரபுக் கதை. கதையின் ரெண்டாம் பாகம்தான் நமக்கு வேண்டியது. பிற்காலத்தில் அந்தத் துணிக்கு ஆபத்து வரும்போல இருக்க, சுவருக்குள் வைத்து ஓட்டுக்கல்லால் மூடிவிடுகிறார்கள். பல காலம் கழித்துத் திறந்தால் துணியும் பத்திரம், மூடியிருந்த ஓட்டுக்கல்லிலும் அதே முகம்! யாரும் வரையவில்லை. அதுவாகவே பதிந்துகொண்டது. துணி 944-ல் கான்ஸ்டான்டிநோபிளுக்கு எடுத்துப் போகப்பட்டது. ஓட்டுக்கல்லும் பின்னால் போனது. துணிக்குக் கிடைத்த மரியாதை கல்லுக்கும் கிடைத்தது. 'நீ டூப்ளிகேட்தானே' என்று யாரும் ஒதுக்கவில்லை.

அதற்கு முன்பே இந்தப் படங்களுக்காக நிஜமாகவே அடிதடி நடந்திருந்தது. எட்டாம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசர்கள் 'படத்தை வணங்குவது சிலை வழிபாடு' என்று சொல்லிப் படங்களை அழிக்க உத்தரவு போட்டார்கள். 787-ல் நிசேயா நகரத்தில் கூடிய சங்கம், 'படத்துக்குச் செய்யும் மரியாதை படத்தில் இருப்பவருக்கே போய்ச் சேருகிறது' என்று தீர்ப்புச் சொன்னது. அப்படியும் ஓயாமல் மறுபடி தடை வந்து, 843-ல்தான் அடங்கியது. அந்தச் சண்டையில் ஜெயில், நாடு கடத்தல் எல்லாம் பார்த்த துறவி ஒருவர், ஸ்தூதியோன் மடத்துத் தியடோர். அவர் சொன்ன உதாரணம் ரொம்ப சிம்பிள்: முத்திரை மோதிரம். மெழுகில் அழுத்தினாலும் களிமண்ணில் அழுத்தினாலும் பதிவது ஒரே முத்திரைதான். பொருள்தான் மாறுகிறது, உருவம் மாறவில்லை.

அதனால்தான் ஐகான் எழுதும் ஓவியர்கள் புதுசாக எதையும் கண்டுபிடித்துக் காட்ட அலைவதில்லை. முன்னோர் எப்படி வரைந்தார்களோ அதே மாதிரி, அதே கை, அதே மடிப்பு, அதே பார்வை. நம்ம புரொபசர் பார்த்தால் பிளேஜியரிசம் என்று முட்டை போடுவார். அங்கே அதுதான் ஃபுல் மார்க்.

மெழுகு, களிமண், ஓட்டுக்கல்... இந்த வரிசையில் பிக்ஸலையும் சேர்த்துக்கொள்ளலாமா? தியடோர் இன்று இருந்தால் 'தாராளமா' என்றிருப்பார் என்றே நினைக்கிறேன். ஆனால், கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருப்பார்: "சரிப்பா, பதிஞ்சது. நீ பார்த்தியா?"

கழன்ற செருப்பு

இடைவிடா சகாய மாதா படம் நம்ம ஊர் கத்தோலிக்க வீடுகளில் ரொம்பப் பரிச்சயம். ஒரிஜினல் ரோமில், புனித அல்போன்சுஸ் கோயிலில் இருக்கிறது. பெரிசெல்லாம் இல்லை, அரை மீட்டர் உயரம்தான். 1866-ல் அது இரட்சகர் சபைக் குருக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. 'உலகம் முழுக்க இவரை அறியச் செய்யுங்கள்' என்பது பாப்பரசர் ஒன்பதாம் பயஸ் அவர்களிடம் விட்ட பொறுப்பு. அவர்கள் செய்தது என்ன? காப்பி எடுத்தார்கள். போன இடமெல்லாம் ஒரு காப்பியைக் கொண்டு போனார்கள். கூடவே போனது நவநாள் செபம். பிலிப்பைன்ஸின் மணிலாவில் பக்லாரன் கோயிலில் 1948-ல் தொடங்கிய புதன்கிழமை நவநாளுக்கு இன்றும் கூட்டம் அலைமோதுகிறது. படமும் காப்பி, செபமும் ரிப்பீட்டு, கிழமையும் ரிப்பீட்டு!

இப்போ ஒரு குட்டி டெஸ்ட். அந்தப் படத்தை நூறு தடவையாவது பார்த்திருக்கும் ஃப்ரெண்டிடம், போனைத் திறக்காமல் கேளுங்கள்: "அந்தக் குழந்தையோட செருப்பு எப்படி இருக்கும்?" பாதிப் பேர் முழிப்பார்கள். குழந்தை இயேசுவின் ஒரு செருப்பு கழன்று தொங்குகிறது. ஏன்? மேலே ரெண்டு பக்கமும் ரெண்டு வானதூதர்கள். ஒருவர் கையில் ஈட்டி, இன்னொருவர் கையில் சிலுவையும் ஆணிகளும். அதைப் பார்த்துப் பயந்துபோய், குழந்தை அம்மாவிடம் ஓடி வந்து ரெண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக்கொள்கிறது. ஓடி வந்த வேகத்தில் செருப்பு கழன்றுவிட்டது என்பார்கள். அம்மா குழந்தையைப் பார்க்கவில்லை, நம்மைப் பார்க்கிறாள். ஒரு சிறுகதையே இருக்குங்க அந்தத் தொங்கும் செருப்பில்! ஃபோல்டரில் முப்பது காப்பி வைத்திருந்தும் செருப்பைப் பார்க்காதவர் உண்டு. ஒரே ஒரு கசங்கின படத்தை செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு செருப்பின் வாரைக்கூட மனப்பாடமாகச் சொல்லும் ஆயாக்களும் உண்டு.

திரும்பத் திரும்ப வருவதில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது. சிகாகோவில் வார்னர் சால்மன் என்று ஒரு விளம்பர ஓவியர். 1924-ல் ஒரு சபைப் பத்திரிகை அட்டைக்காக இயேசுவின் முகத்தைக் கரிக்கோலால் வரைந்தார். 1940-ல் அதையே ஆயில் பெயின்டில் செய்தார். லேசாகத் திரும்பிய முகம், தோள் வரை அலை அலையாய் முடி, மேலிருந்து விழும் வெளிச்சம். பார்த்தால், 'அட, இதுவா?' என்பீர்கள். ரெண்டாம் உலகப் போருக்குப் போன சிப்பாய்களின் பாக்கெட்டில் அட்டையாகப் போனது. அச்சடித்த பிரதிகள் மொத்தம் 50 கோடிக்கு மேல் என்று கணக்குச் சொல்கிறார்கள். விளைவு? இயேசு என்றாலே பல பேருக்கு அந்த முகம்தான். ஒரு சிகாகோ ஓவியரின் கற்பனை, கோடிக்கணக்கான தடவை திரும்பி வந்து, போட்டோ மாதிரி ஆகிவிட்டது.

இன்னொரு பக்கம் கோவாக்காரர் ஆஞ்சலோ ட ஃபொன்சேகா. 1902-ல் பிறந்தவர், அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்றவர். மரியாவை மாநிறத்தில், புடவை கட்டிய இந்தியத் தாயாக வரைந்தார். அப்போதைய கோவா கத்தோலிக்கர்கள் பலருக்குக் கோபம் வந்தது. 'நம்ம மாதா இப்படியா இருப்பாங்க?' 'இப்படி' இருக்கமாட்டார் என்று அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? திரும்பத் திரும்பப் பார்த்த ஐரோப்பியப் படங்கள் சொன்னதுதான். ஃபொன்சேகாவின் ஓவியங்கள் இன்று கோவாவின் சேவியர் வரலாற்று ஆய்வு மையத்தில் இருக்கின்றன. உங்கள் ஃபோல்டரில் அவருடைய படம் ஒன்றாவது இருக்கா, பாருங்களேன்.

அழுக்குப் புத்தகங்கள்

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் கேத்ரின் ரூடி என்று ஒரு கலை வரலாற்று ஆய்வாளர். இவர் செய்த ஆராய்ச்சி செம ஜாலி. மத்தியகாலச் செபப் புத்தகங்களை எடுத்து, ஓவியத்தை விட்டுவிட்டு அழுக்கை ஆராய்ந்தார்! டென்சிடோமீட்டர் என்ற கருவியால் ஒவ்வொரு பக்கத்தின் ஓரமும் எவ்வளவு கறுத்திருக்கிறது என்று அளந்து, 2010-ல் கட்டுரை வெளியிட்டார். எந்தப் பக்கத்தில் கைரேகை அழுக்கு அதிகமோ, அந்தப் பக்கம்தான் அதிகம் புரட்டப்பட்டது. லாஜிக் கரெக்ட்தானே? கொள்ளை நோயிலிருந்து காக்கும் புனித செபஸ்தியார் செபம் இருக்கும் பக்கம் கன்னங்கரேல். நடுராத்திரி செபத்தில் முதல் சில பக்கம் அழுக்கு, அப்புறம் பளிச். அதாவது, அந்த இடத்தில் தூங்கிப் போயிருக்கிறார்கள். நாம லைப்ரரி புத்தகத்தில் மூணாவது சாப்டர் தாண்டாத கதைதான்!

முத்த விஷயம் இன்னும் சுவாரஸ்யம். பூசைப் புத்தகத்தில் சிலுவைப் பாடு படம் வரும் பக்கத்தில் குருவானவர் முத்தமிடுவது வழக்கம். தினம் தினம் முத்தமிட்டால் பெயின்ட் தாங்குமா? அழியத் தொடங்கியது. அதனால் ஓவியர்கள் ஒரு டெக்னிக் கண்டுபிடித்தார்கள். படத்துக்குக் கீழே ஓரமாக ஒரு சின்னச் சிலுவையைத் தனியாக வரைந்து வைத்தார்கள், 'முத்தம் இங்கே கொடுங்க ஃபாதர்' என்பதுபோல. அந்தச் சின்னச் சிலுவைகள் பல இன்று தேய்ந்து கலங்கிப்போய்க் கிடக்கின்றன. ரோமில் புனித பேதுரு பேராலயத்து வெண்கலச் சிலைக்கும் இதே கதி. தொட்டுத் தொட்டு, வலது பாதத்தில் விரல்களே தெரியாத அளவுக்கு வழவழ.

காகிதமும் வெண்கலமும் இப்படிக் காட்டிக் கொடுத்துவிடும், யார் பார்த்தார்கள், யார் சும்மா வைத்திருந்தார்கள் என்று. போன் காட்டிக் கொடுக்காது. ஆயிரம் தடவை கண்ணீரோடு திறந்த ஃபைலும், வந்த அன்று சேவ் ஆகி அப்புறம் திறக்கவே திறக்காத ஃபைலும் ஃபோல்டரில் பக்கத்துப் பக்கத்தில் ஒரே பளபளப்பில் இருக்கும்.

டிஜிட்டலிலும் தேய்மானம் உண்டு. ஆனால், தலைகீழாக. நீங்கள் சேவ் பண்ணும் படங்களில் பெரும்பாலானவை ஜேபெக். 1992-ல் தரப்படுத்திய முறை. படத்தை எட்டுக்கு எட்டு பிக்ஸல் கட்டங்களாக வெட்டி, கண்ணுக்கு அதிகம் தெரியாத விவரங்களைத் தூக்கிப்போட்டுவிட்டுச் சுருக்கும். ஒரு தடவை சுருக்கினால் ஒன்றும் தெரியாது. ஆனால் சாட் ஆப்கள் அனுப்பும்போது பெரும்பாலும் மறுபடி சுருக்கும். நீங்கள் அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, எடிட் பண்ணி, இன்னொரு குரூப்பில் போட, அங்கே இன்னொரு சுருக்கல். இப்படியே ஐம்பது கை மாறினால் மாதா முகத்தில் கட்டம் கட்டமாகத் திட்டு விழும், கண் கலங்கும், எழுத்தைச் சுற்றிப் புகை படியும். திறந்து எத்தனை மணி நேரம் பார்த்தாலும் ஒரு பிக்ஸல்கூடத் தேயாது. பார்க்காமல் தள்ளிவிட்டால் தேயும்! பேதுருவின் பாதத்தைத் தேய்த்தது நெருங்கி வந்தவர்களின் கை. இதைத் தேய்ப்பது ஃபார்வர்டு பண்ணும் விரல்.

சேவ் பண்ணிவிட்டுத் திறக்காமல் விடுவதில் வார்ஹோலே நமக்கு சீனியர். 1985-ல் கொமடோர் கம்பெனி அமிகா கம்ப்யூட்டரை அறிமுகம் செய்தபோது மேடையிலேயே அதில் படம் போட்டுக் காட்டியவர் அவர். அந்தக் காலத்தில் அவர் போட்ட மற்ற படங்கள் ஃபிளாப்பி டிஸ்க்குகளில் தூங்கின. மியூசியத்தில் பத்திரமாக இருந்தன. ஆனால், திறக்க ஆள் இல்லை. 2014-ல்தான் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் கிளப் மாணவர்களும் மற்றவர்களும் சேர்ந்து மண்டையை உடைத்து அவற்றை வெளியே எடுத்தார்கள். கிட்டத்தட்ட 30 வருஷம்! மாணவர்கள் என்பதைக் கொஞ்சம் போல்டில் படிக்கவும்.

இறால் இயேசு

அடுத்த வில்லன் ஏஐ. 2024-ல் ஃபேஸ்புக்கில் ஒரு கூத்து. கடலுக்கடியில் இயேசு. உடம்பு முழுக்க இறால்! ஆமாம், நம்ம தொக்கு வைக்கும் அதே இறால்தான். கம்ப்யூட்டர் கக்கிய அந்தப் படத்துக்குக் கீழே வரிசையாக 'ஆமென்', 'ஆமென்'. அடுத்த நாள் இன்னொரு இறால் இயேசு. லைக் வாங்கிய படத்தையே லேசாக மாற்றிப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஸ்டான்ஃபோர்டு, ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அதே வருஷம் இதை ஆராய்ந்து, ஸ்பேம் பக்கங்களும் மோசடிப் பக்கங்களும் கூட்டம் சேர்க்க ஏஐ படங்களைப் பயன்படுத்துவதை விளக்கினார்கள். 'இந்தக் கடிதத்தைப் பத்துப் பேருக்கு எழுதிப் போடு, இல்லாவிட்டால் ரத்தம் கக்குவாய்' என்று நம்ம அப்பா காலத்தில் போஸ்ட் கார்டு வந்ததே, அதன் பேரன்தான் இது.

'ஆமென்' போட்டவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனசு வரவில்லை. அவர்களில் நிறையப் பேர் நிஜமாகவே கும்பிட்டிருப்பார்கள். அவர்கள் பக்தி நிஜம். அதை அறுவடை பண்ணியவன்தான் போலி. ஓட்டுக்கல்லில் பதிந்த முகத்துக்குப் பின்னால் ஒரு துணி இருந்தது, துணிக்குப் பின்னால் ஒரு முகம் இருந்தது என்பது கதை. இறால் இயேசுவுக்குப் பின்னால் இருந்தது லைக் எண்ணிக்கை மட்டும்.

அப்போ சேர்க்கவே கூடாதா? யார் சொன்னது! சேர்த்தே புனிதர் ஆனவரும் இருக்கிறார். கார்லோ அகுதிஸ், 1991-ல் பிறந்த இத்தாலியப் பையன். கம்ப்யூட்டர் கிறுக்கு. பிளேஸ்டேஷன் பிடிக்கும், ஆனால் வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் என்று தனக்குத்தானே கட்டுப்பாடு போட்டுக்கொண்டவன். தினமும் பூசை, தினமும் செபமாலை. உலகம் முழுக்க நடந்ததாகச் சொல்லப்படும் நற்கருணை அற்புதங்களைத் தேடித் தேடிச் சேர்த்து, எந்த ஊர், எந்தக் காலம், என்ன நடந்தது என்று ஒவ்வொன்றுக்கும் படத்தோடு தகவல் எழுதி இணையத்தில் வைத்தான். 2006 அக்டோபரில் ரத்தப் புற்றுநோய் அவனைக் கொண்டு போனபோது வயது 15. அவன் சேர்த்தது கண்காட்சிப் பலகைகளாகக் கண்டம் கண்டமாகச் சுற்றியது. 2025 செப்டம்பர் 7-ம் தேதி பாப்பரசர் பதினான்காம் லியோ அவனைப் புனிதர் என்று அறிவித்தார். அற்புதங்களை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால், அந்தக் கலெக்‌ஷனில் ஊர் பேர் இல்லாத படம் கிடையாது.

நம்ம ஃபோல்டரில் இருக்கும் ஃபைலின் பெயர்களைப் பாருங்கள். ஏதோ ஒரு எண், ஒரு தேதி, கடைசியில் ஒரு புள்ளி. யார் வரைந்தது, எங்கே இருக்கிறது, ம்ஹூம். நல்ல தரத்தில் படம் கிடைப்பது இன்று கஷ்டமே இல்லை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் 2017 பிப்ரவரியில் 3,75,000 படங்களை 'யார் வேணும்னாலும் எடுத்துக்கோங்க' என்று திறந்துவிட்டது. ஐகான், பழைய செபப் புத்தக ஏடு, சிலுவை, எல்லாம் கிடைக்கும். பக்கத்திலேயே ஊர், காலம், கலைஞர் விவரமும் இருக்கும். படத்தை எடுக்கும்போதே அந்த ரெண்டு வரியை ஃபைல் பெயரில் போட்டுக்கொள்வதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. வாரம் ஒரு படம் லாக் ஸ்க்ரீனில். ஒரு நாளைக்கு எத்தனை தடவை போனை எடுக்கிறோம்? அத்தனை தடவையும் ஒரே முகம். ஏழாவது நாள் செருப்பு கண்ணில் படும்.

சுவருக்குள் புத்தகம்

பெயரும் ஊரும் எழுதிவைத்த காப்பிக்கு என்ன மதிப்பு என்பதை ஈராக்கில் பார்த்தார்கள்.

மோசூல் நகரத்தில் நஜீப் மிக்காயேல் என்று ஒரு தொமினிக்கன் சபைக் குரு. 1990-லிருந்து கிழக்கத்தியக் கிறிஸ்தவச் சுவடிகளைப் படம் எடுத்துச் சேர்ப்பதே வேலையாக இருந்தவர். அமெரிக்காவின் மினசோட்டாவில் பெனடிக்ட் சபை மடத்தோடு சேர்ந்த ஹில் மியூசியம் அண்ட் மேனுஸ்க்ரிப்ட் லைப்ரரி 2009-லிருந்து இந்த வேலையில் கூட்டு சேர்ந்தது. பக்கம் பக்கமாக, அட்டை முதல் அட்டை வரை. போரடிக்காதா? ஒரே மாதிரி சிலுவை அலங்காரம், ஒரே மாதிரி எழுத்து, ஒரே நற்செய்தி வாசகம் அடுத்தடுத்த புத்தகங்களில். ஆனாலும் 'இது ஏற்கெனவே இருக்கு, விட்டுடு' என்று யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் எந்த மடம், எந்தப் புத்தகம், எத்தனையாவது ஏடு என்ற அடையாளம்.

2014 ஆகஸ்டில் ஐஎஸ் படை நெருங்கி வந்தது. நஜீப் மிக்காயேலும் கூட இருந்தவர்களும் சுவடிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு எர்பில் நகரத்துக்குத் தப்பினார்கள். பிற்பாடு அவர் மோசூலின் கல்தேய ஆயராகவே ஆனார். எல்லாரும் அப்படித் தப்ப முடியவில்லை. மார் பெஹ்நாம் மடத்தில் குரு ஒருவர் நூற்றுக்கணக்கான புத்தகங்களை ஒரு சின்ன அறைக்குள் அடுக்கி, முன்னால் போலிச் சுவர் எழுப்பி மூடிவிட்டார். படை வந்தது, மடத்தைப் பிடித்தது, 2015-ல் அங்கிருந்த கல்லறையைக் குண்டு வைத்துத் தகர்த்தது. புத்தகங்கள் என்ன ஆயின என்று வெளியே யாருக்கும் தெரியாது. கையில் இருந்தவை முன்கூட்டியே எடுத்து வைத்த டிஜிட்டல் படங்கள் மட்டும்தான்.

2016 கடைசியில் மடம் மீட்கப்பட்டதும் அந்தச் சுவரை உடைத்தார்கள். புத்தகங்கள் அப்படியே இருந்தன. எதெஸாவின் ஓட்டுக்கல் கதை ஞாபகம் வருகிறதா?

இப்படிப் படமான சுவடிகளில் நமக்குப் பக்கத்தில், கேரளத் தோமா கிறிஸ்தவர்கள் காப்பாற்றி வைத்த சிரியாக் சுவடிகளும் உண்டு. மினசோட்டா நூலகத்தின் இணைய வாசிப்பு அறையில் பெயரைப் பதிவு செய்தால் போதும், காசு கிடையாது, சுவடிகளைத் திறந்து பார்க்கலாம். சிரியாக் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பக்க ஓரத்து அழுக்கு எந்த மொழியிலும் புரியும். கடைசி ஏடு வரை புரட்டுங்கள். அங்கே எழுதியவர் ஒரு குறிப்பு வைப்பது அந்த ஊர் வழக்கம்: இதை வாசிக்கிறவர்களே, எழுதிய எனக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள் என்று. அதையும் சேர்த்துத்தான் படம் எடுத்திருக்கிறார்கள்.